அமிர்தகழியின் இரு பாதைகள்: கலைத்துறை நுழைவு பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் அருகே, மாமாங்கேசுவரர் ஆலயத்தாற் பெயர்பெற்ற ஊர் அமிர்தகழி. நான்காண்டு இடைவெளியில் அவ்வூரிற் பிறந்த இருவர் ஈழத்துத் தமிழரின் கலை வரலாற்றில் நிலையான இடம் பெற்றுள்ளனர். ஒருவர், 1939இற் பிறந்து தென்னிந்தியத் திரையுலகில் ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் புகழ்பெற்ற பாலு மகேந்திரா. மற்றவர், 1943இற் பிறந்து நாடகத்துறையிற் கலைஞராகவும் ஆய்வாளராகவும் விளங்கும் பேராசிரியர் சி. மௌனகுரு. ஒருவர் ஊரை விட்டுச் சென்று வென்றார். மற்றவர் சென்று மீண்டு ஊரின் கலையைக் கொண்டே தமக்கோர் இடத்தை அமைத்தார்.

இவ்விருவர் பெயரும் இப்பிரதேசத்து மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவன. எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் ஒரே முடிவையே சொல்வர்: “திறமை இருந்தால் எவரும் தடுக்க முடியாது.” கேட்பதற்கு இனிய இக்கூற்று உண்மையில் எத்துணை பொருந்தும்? போட்டி மிகுந்த கலைத்துறையினுள் வாவிக்கரை இளைஞனொருவன் நுழைவதற்குத் திறமை மட்டும் போதுமாயிருந்ததா? நுழைந்தவன் எதனைக் கொடுத்து நுழைந்தான்? இவ்வினாக்களை எழுப்பாமல் வெற்றியை மட்டும் போற்றுவது திறனாய்வாகாது. இவ்விருவரின் பாதைகளையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலு மகேந்திராவின் பாதையை முதலில் எடுத்துக்கொள்வோம். பள்ளி மாணவனாயிருந்தபோது, கித்துள்கலையில் டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்தைப் படமாக்குவதைக் கண்டதும், அவர் ஆணையிட்டவுடன் மழை பொழியக் கண்டு வியந்ததும், தாமும் இயக்குநராக வேண்டுமென அன்றே எண்ணியதும் பற்றி அவர் பின்னாளிற் பலமுறை கூறியுள்ளார். அழகிய கதைதான். ஆயினும் அந்த மழைக்கும் அவரது முதற் படத்துக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன என்பதை அக்கதையைச் சொல்வோர் மறந்துவிடுகின்றனர்.

அவ்விருபது ஆண்டுகளே நமது ஆய்வுக்குரியவை. கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் அவர் படவரைஞராகப் பணிபுரிந்தார். ‘தேனருவி’ என்னும் சஞ்சிகையை நடத்தினார். வானொலி நாடகங்களிற் பங்குகொண்டார். பின்னர் பூனாவில், 1960இல் நிறுவப்பட்ட திரைப்படப் பயிற்சி நிறுவகத்திற் சேர்ந்தார். அங்கு அவர் கற்க விரும்பியது இயக்கம்; அத்துறையில் இடம் கிட்டாமற் போகவே ஒளிப்பதிவைத் தேர்ந்தார். 1969இற் தங்கப் பதக்கத்துடன் வெளியேறினார். தங்கப் பதக்கம் பெற்றவரையும் தமிழ்த் திரையுலகம் உடனே வரவேற்கவில்லை. மலையாளத்தில் ராமு காரியாத்தின் ‘நெல்லு’ (1974) அவருக்கு வழிதிறந்தது. இயக்குநராக அவர் எடுத்த முதற் படமான ‘கோகிலா’ (1977) கன்னடத்தில் அமைந்தது. அதன் ஒளிப்பதிவுக்கு இந்தியத் தேசிய விருது கிடைத்தது. தமிழில் அவர் முதன்முதல் ஒளிப்பதிவு செய்த ‘முள்ளும் மலரும்’ 1978இலேயே வெளிவந்தது. அதாவது, பயிற்சி முடித்துத் தம் தாய்மொழித் திரைக்கு வந்துசேர அவருக்கு ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதிலிருந்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, அவர் விரும்பிய வாயில் அடைபட்டிருந்தது. பக்கத்து வாயிலால் நுழைந்தார். ஒளிப்பதிவென்னும் தொழில்நுட்பத் தேர்ச்சியே பின்னர் இயக்குநர் என்ற நிலைக்கு அவரை இட்டுச்சென்றது. இரண்டாவது, காத்திருப்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். அரசாங்க உத்தியோகமும் நல்ல பள்ளிக் கல்வியும் அவருக்கு அவ்வாதாரத்தை அளித்தன. வாவியில் வலைவீசியும் பிறர் வயலில் கூலிக்குச் சென்றும் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தகைய காத்திருப்பு எளிதில் வாய்ப்பதன்று. மூன்றாவது, மொழி எல்லைகளைக் கடக்கும் துணிவு. இம்மூன்றையும் ‘திறமை’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது, அவர் பட்ட பாட்டையும் அவருக்குக் கிட்டிய வாய்ப்பையும் ஒருங்கே மறைப்பதாகும்.

இவையனைத்தையும் அவர் ஏன் இலங்கையிலேயே செய்யவில்லை என்ற வினா எழலாம். ஈழத்தின் முதல் முழுநீளத் தமிழ்த் திரைப்படமான ‘சமுதாயம்’ 1962இல் வெளிவந்தது. அதன்பின் ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) முதலிய முயற்சிகள் தோன்றின. ஆயினும் தென்னிந்தியப் படங்களிற் பழகிய சிறு சந்தையில் இங்குத் தயாரான படங்கள் முதலீட்டை மீட்பதே அரிதாயிருந்தது. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகமும் எரியூட்டப்பட்டது. எனவே, இங்குப் போட்டி கடுமையாயிருந்தது என்று கூறுவதைவிட, போட்டியிடுவதற்கான களமே இருக்கவில்லை என்று கூறுவதே பொருந்தும். ஊரை விட்டுச் சென்றதை அவரது தனிப்பட்ட விருப்பமாக மட்டும் காண்பது வரலாற்றைப் புறக்கணிப்பதாகும்.

இனி, அவர் கொடுத்த விலையை நோக்குவோம். தமிழில் அவர் இயக்கிய முதற் படமான ‘அழியாத கோலங்கள்’ (1979) மூன்று சிறுவரின் விடலைப் பருவத்தை, வளர்ந்த மனிதனொருவனின் நினைவாகச் சொல்கிறது. அதில் தம் இளமை அனுபவங்கள் கலந்துள்ளன என்று அவர் கூறியிருக்கிறார். ‘வீடு’ (1988) என்ற படத்தின் கருவும், பெற்றோர் வீடு கட்டிய காலத்தில் தம் தாயிடத்துக் கண்ட மாற்றத்திலிருந்து தோன்றியதே என்பது அவர் தரும் செய்தி. இவ்விரு நினைவுகளும் மட்டக்களப்பில் விளைந்தவை. ஆனால் திரையில் நாம் காண்பது தமிழ்நாட்டுக் கிராமத்தையும் சென்னை நகரத்தையுமே. அவர் இயக்கிய முழுநீளப் படங்களுள் மட்டக்களப்பைக் களமாகக் கொண்டது ஒன்றேனும் இல்லை. எம் பேச்சுமொழியும் எம் வாவியும் அவர் கமராவின் முன் வரவேயில்லை.

கலைஞனுக்கு ஊர் எதற்கு, அனுபவம் பொதுவானதன்றோ என்று சிலர் கேட்பர். இதற்கு ‘வீடு’ திரைப்படமே விடை தருகிறது. அப்படத்தின் வலிமை எங்கே உள்ளது? வாடகை வீட்டிலிருந்து வெளியேற வேண்டிய நிலையில் சுதா என்ற இளம்பெண் சிறு காணியில் ஒரு வீடு கட்ட முனைகிறாள். அனுமதிக்குக் கையூட்டு, சீமெந்தைத் திருடும் ஒப்பந்தகாரர், பாதியில் நின்ற சுவர்களைத் தடவிப் பார்க்கும் முதிய தாத்தா, இறுதியில் அக்காணியே குடிநீர் வாரியத்துக்கு உரியதெனத் தெரியவரும் அதிர்ச்சி: இவையெல்லாம் எண்பதுகளின் சென்னைக்கே உரிய விவரங்கள். பாடல்களின்றி, அலங்காரமின்றி, அவ்விடத்தின் நடைமுறையை நுணுக்கமாகக் காட்டியதனாலேயே அது எல்லோருக்கும் பொதுவான படமாயிற்று. இடத்தின் தனித்தன்மையே படைப்பின் பொதுமைக்கு அடிப்படை என்பதை நிறுவியவர் அவரே. அவ்வாறாயின், அந்தக் கண் எம் ஊரின் மீது படாமற்போனமை எமக்கு ஏற்பட்ட இழப்பே. இவ்விழப்புக்கு அவரைக் குற்றஞ்சாட்டுவதிற் பயனில்லை. முதலீடும் தணிக்கையும் சந்தையும் அங்கிருக்க, நினைவு மட்டும் இங்கிருந்தது. நினைவைப் பெயர்த்து நடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

மௌனகுருவின் பாதை வேறானது. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்கு ஏற்பச் செப்பனிட்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ முதலியவற்றைத் தயாரித்தபோது, அம்முயற்சியில் முன்னின்று ஆடிய மாணவருள் ஒருவர் அவர். பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறையை வளர்த்தார். இங்கு நுழைவாயிலாக அமைந்தது பல்கலைக்கழகம். அவர் கையிலிருந்த மூலதனமோ ஊர்க் களரியிற் பெற்ற ஆட்டமும் பாட்டும். திரையுலகம் நாடி நின்றவர் வெளியே விட்டுச்செல்ல நேர்ந்த ஊரே, இவருக்கு உள்ளே செல்லும் தகுதியாயிற்று.

எனினும் இப்பாதையும் விலையின்றி அமையவில்லை. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. வட்டக்களரியைச் சுற்றியிருந்தோர் ஒரு பக்கத்துப் பார்வையாளராயினர். இம்மாற்றத்தாற் கூத்து மதிப்புப் பெற்றது உண்மை. பட்டமும் பதவியும் அதனைக் கற்றவர்க்குக் கிடைத்தன. அக்கலையைப் பரம்பரையாகப் பேணிவந்த அண்ணாவிமாருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பொன்னாடையே.

கிராமத்துக் களரியில் நுழைவு எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஊரார் கூடிக் கூத்தைத் தெரிவர்; அண்ணாவியார் குரலும் தோற்றமும் பார்த்துச் சட்டம் கொடுப்பார். மாதக்கணக்கிற் பயின்றபின் சதங்கை அணிவர், அடுக்குப் பார்ப்பர், பின்னர் அரங்கேற்றம். அரசனாக ஆடியவன் மறுநாட் காலை வயலுக்கோ தோணிக்கோ செல்வான். அங்குக் கலை சீவனோபாயமாக இருக்கவில்லை. ஆதலால் தொழிற்போட்டியும் இருக்கவில்லை. ஆனால் அதனைப் பொற்காலமாகப் போற்றுவதற்கும் இல்லை. பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்றனர். களரியின் வாயில் பெண்களுக்கு அடைபட்டிருந்தது. இன்று கூத்துப் பயிலும் மாணவியர் அவ்வாயிலைத் திறந்திருப்பது பல்கலைக்கழகம் வழங்கிய பெரும் பேறு என்பதை மறுக்கவியலாது.

இன்றைய நிலை யாது? 1982இல் கல்லடியில் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், இன்று சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாகக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகிறது. இசை, நடனம், நாடகம், கட்புலக்கலை ஆகியவற்றில் ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளியேறுகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எதிர்பார்ப்பது ஆசிரிய நியமனத்தையே. 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவிற் பட்டதாரிகள் வேலை கோரிச் சத்தியாக்கிரகம் இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்தினுள் நுழையும் வாயில் அகன்றது; வெளியேறிச் செல்லும் வாயிலோ அகலவில்லை. என் ஊரிலும், விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் பெரியப்பா ஒருவர் தவறாமற் கேட்பார்: “என்ன மகன், இதப் படிச்சி என்ன செய்யப் போறாய்?” அக்கேள்வியில் ஏளனமில்லை, கவலையே உண்டு. அதற்கு “திறமை இருந்தாற் போதும் பெரியப்பா” என்று விடையளிக்க என்னால் இயலவில்லை. இரண்டு பேரை எடுத்துக்காட்டி, வழியிற் தங்கிவிட்டவர்களை மறைக்கும் விடை அது.

அவ்வாறாயின், இவ்விருவரிடமிருந்தும் நாம் கற்கக்கூடியது யாது? பாலு மகேந்திரா தம் இறுதிக் காலத்தில், 2007இல், சென்னையிற் ‘சினிமாப் பட்டறை’ என்ற பயிற்சிக்கூடத்தை நிறுவினார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி முதலிய இயக்குநர்கள் அவரிடம் உதவியாளராயிருந்து வளர்ந்தவர்கள். 2014 பெப்ரவரியில் அவர் மறைந்தபோது, அவர் விட்டுச்சென்றது படங்களை மட்டுமன்று, ஒரு பரம்பரையையும்தான். மௌனகுருவும் ஓய்வின் பின்னர் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடத்தை நிறுவி இளைஞரைப் பயிற்றினார். அடைபட்ட வாயில்களைக் கண்டவர்கள் பிறருக்கு வாயில் அமைத்தனர் என்பதே இவ்விரு பாதைகளும் ஒன்றுசேரும் இடம். ஒரு கலைஞன் நுழைந்தானா என்பதைவிட, அவனுக்குப் பின் எத்தனை பேர் நுழைய முடிந்தது என்பதே அவன் வெற்றியின் உரிய அளவுகோலாதல் வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு எம்மையும் நாம் அளந்துகொள்ளலாம். எம் கற்கைநெறிகள் நடிகரையும் பாடகரையும் உருவாக்குவதில் ஆர்வங்காட்டும் அளவுக்கு ஒளி, ஒலி, படத்தொகுப்பு, மேடை நிருவாகம் போன்ற பக்கத்து வாயில்களைப் பொருட்படுத்துவதில்லை. ஒளிப்பதிவால் நுழைந்தவரை ஊர்ப்பெருமையாகக் கொண்டாடும் நாம் இதனைக் கவனியாதிருப்பது வியப்பே. அண்ணாவிமாரை ஊதியம் பெறும் வருகைதரு ஆசிரியராக வகுப்பறைக்கு அழைத்தலும் இயலாததன்று. யாவற்றுக்கும் மேலாக, சென்னையோ கொழும்போ ஏற்றுக்கொண்டாலன்றி எம் படைப்பை நாமே மதிக்காதிருக்கும் மனப்பாங்கு மாறவேண்டும். பார்வையாளரை இழந்த ஊரிற் கலைஞன் தங்கமாட்டான்.

இன்று கையடக்கக் கமரா ஒன்றுடன் ஓர் இளைஞனோ யுவதியோ வாவியைப் படமாக்க இயலும். கருவி மலிந்துவிட்டது, காத்திருப்பதற்கான ஆதாரமும் காண்பதற்கான அவையும் மலியவில்லை. அவ்விரண்டையும் அமைத்துக் கொடுப்பது தனியொரு கலைஞனின் திறமைக்குள் அடங்கும் பணியன்று; அது ஒரு சமூகத்தின் பணி. அமிர்தகழியிலிருந்து புறப்பட்ட அந்தக் கண் காணாது விட்ட ஊர் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அதனைக் காணப்போகும் அடுத்த கண்ணும் புறப்பட்டுப் போய்த்தான் ஆகவேண்டுமா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.