யாருடைய நாக்கு?

ஒயினோடு எந்தச் சுருட்டு சேரும் என்று புதியவர்களுக்குச் சொல்லித்தரும் கட்டுரைகளை நான் ஓர் எழுத்து வகைமையாகவே வாசிக்கிறேன். அவற்றுக்கென்று ஓர் அமைப்பு உண்டு. முதலில் பயப்படாதே என்று ஒரு தட்டிக்கொடுத்தல். பிறகு பத்து விதிகள். விதிகளுக்கு நடுவே தோல், தேவதாரு, பிளாக்கரண்ட், காட்டுத் தரையின் ஈரம் என்று சொற்களின் அணிவகுப்பு. கடைசியில், எல்லாமே உங்கள் ரசனையைப் பொறுத்தது என்று ஒரு கைகழுவல். விதியே இல்லை என்று முடிப்பதற்கு எதற்கய்யா அந்தப் பத்து? நம் ஊர் நூல் விமர்சனங்களைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இந்த முடிவு எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும்.

ஆடம்பரத்தைப் பேசுகின்றன என்பதல்ல இக்கட்டுரைகள் மேல் எனக்குள்ள புகார். ஆடம்பரத்தைப் பற்றியும் நன்றாக எழுதலாம். புகார் இதுதான்: இவை புதியவருக்கு ஒரு நாக்கைக் கடன் கொடுக்கின்றன. அந்த நாக்கில் அவர் சுவைத்துப் பழகுவதற்குள் அவருடைய சொந்த நாக்கு மரத்துப்போய்விடுகிறது.

பிளாக்கரண்டையே எடுத்துக்கொள்வோம். கபர்னே சாவின்யோன் ஒயினைப் பற்றிய குறிப்பில் இந்தச் சொல் தவறாமல் வந்துவிடும். இங்கே வளர்ந்த நமக்கு பிளாக்கரண்ட் ஒரு பழமே இல்லை, அது ரிபேனா. செடியைப் பார்த்ததில்லை, பழத்தைக் கடித்ததில்லை. இருந்தும் ஒயின் பற்றித் தமிழில் எழுதுகிறவர் 'பிளாக்கரண்ட் வாசம்' என்று கூசாமல் எழுதுவார். அவர் சுவைத்ததை எழுதவில்லை, வாசித்ததை எழுதுகிறார்.

இந்தச் சொற்பட்டியலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆன் நோபல், 1980களில் ஒயின் வாசங்களை ஒரு சக்கர வடிவில் தொகுத்தார். 'நேர்த்தியானது', 'கம்பீரமானது' போன்ற வெற்றுப் புகழ்ச்சிகளை அப்புறப்படுத்துவது அவர் நோக்கம். சக்கரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பொருள் இருக்க வேண்டும். அந்தப் பொருளைச் சாதாரண ஒயினில் கொஞ்சம் கலந்து முகர்ந்து பார்த்து, யாரும் அந்த வாசத்தைச் சரிபார்க்க முடிய வேண்டும். அருமையான முறை. ஆனால் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது அவருடைய பட்டியலை மட்டும்தான். பட்டியல் கலிஃபோர்னியாவின் சமையலறையிலிருந்து வந்தது. முறையோ எந்தச் சமையலறைக்கும் பொருந்தும். முறையைக் கற்றிருந்தால் நாம் நாவற்பழம், புளி, கருப்பட்டி, கொட்டைப்பாக்கு, வறுத்த சீரகம் என்று நம் அடுப்படியிலிருந்தே ஒரு சக்கரம் வரைந்திருக்கலாம்.

கடன் நாக்கு என்ன செய்யும் என்பதற்கு 2001இல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. பிரான்சின் போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் வெள்ளை ஒயினையே வாசமற்ற சாயம் கலந்து சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களில் அதை வர்ணித்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சிரிப்பது சுலபம். கண் பார்த்ததும் சொற்கள் தயாராகிவிட்டன, மூக்குக்கு வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான். பெரிய எழுத்தாளரின் பெயரை அட்டையில் பார்த்ததும் 'அடர்த்தி', 'நுட்பம்' என்று எழுதத் தயாராகும் நம் கைக்கும் இது பொருந்தும்.

சரி, ஒயினும் சுருட்டும் உண்மையில் எப்படிச் சேர்கின்றன? இதற்கு நம் பழைய அறுசுவைக் கணக்கே பெருமளவு போதும் என்று நினைக்கிறேன். தமிழில் துவர்ப்புக்குச் சுவை என்ற மதிப்பு உண்டு. சிவப்பு ஒயினில் டானின் என்று சொல்லப்படுவது இந்தத் துவர்ப்புதான். அதிக நேரம் ஊறிய 'தே ஓ கோசோங்'கைக் குடித்துப் பாருங்கள், நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். எச்சிலில் உள்ள புரதங்களோடு டானின் சேர்ந்துகொள்வதால் அந்த வறட்சி. சுருட்டின் புகையும் வாயை உலர்த்தும், கைப்பையும் கொண்டுவரும். ஆகவே இளம் கபர்னேயோடு கனமான சுருட்டைப் பிடித்தால் துவர்ப்பின் மேல் கைப்பு ஏறி, இரண்டும் கெட்டுப்போகும். 'சிவப்பு ஒயின் கனமானது, கனமான சுருட்டோடு சேரும்' என்று கையேடுகள் சொல்லும் எடைக்கு எடை விதி இங்கேயே தடுக்கி விழுகிறது.

அதே தே ஓவில் இரண்டு கரண்டி சீனி போடுங்கள். துவர்ப்பு எங்கேயும் போகவில்லை, ஆனால் அடங்கிவிட்டது. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் போர்ட் ஒயின் செய்கிறவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். திராட்சைச் சாறு முழுதாக நொதிக்கும் முன்பே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். பழத்தின் இனிப்பு மிஞ்சுகிறது, ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இதில் 'டானி' என்ற வகையைப் பீப்பாயில் 10, 20 வருடங்கள் கிடத்துவார்கள். காற்று மெல்ல மெல்லப் பட்டு நிறம் பழுப்பாகும், துவர்ப்பு தணியும், கொட்டைப் பருப்பும் காய்ச்சிய சர்க்கரையும் போன்ற வாசம் வரும். சுருட்டின் இலையும் குவியலாக அடுக்கப்பட்டு, தன் சூட்டிலேயே நொதித்து, முதிர்ந்து வந்ததுதான். இரண்டுமே காத்திருந்து பழுத்த பொருள்கள். சுருட்டுக்கு போர்ட் என்று பல காலமாகச் சொல்லப்படுவதற்கு இப்படியொரு காரணம் இருக்கிறது. பெரும்பாலான கையேடுகள் விதியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் தெரிந்துவிட்டால் வாசகர் அடுத்த இணையைத் தானே யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார், கையேடு தேவைப்படாது.

காரணத்தின் இடத்தில் என்ன வைக்கிறார்கள் என்றால், மதிப்பெண். அமெரிக்காவின் 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' இதழையும் 1992இல் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' இதழையும் நடத்துவது ஒரே பதிப்பாளர், மார்வின் ஷாங்கன். இரண்டிலும் 100க்கு மதிப்பெண். 95 வாங்கிய ஒயினும் 95 வாங்கிய சுருட்டும் ஒரே மேசையில் ஒன்றையொன்று நாசமாக்கலாம். ஏனென்றால் மதிப்பெண் ஒரு பொருளைத் தனியே நிறுத்தி அளப்பது. இணை என்பதோ இரண்டுக்கும் நடுவில் நடப்பது.

அதுவும் நடந்துகொண்டே இருப்பது. ஒரு 'ரொபுஸ்டோ' சுருட்டு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். முதல் மூன்றில் ஒரு பங்கு மென்மையாக இருக்கும். கடைசிப் பங்கில் காரமும் கைப்பும் ஏறிவிடும். தொடக்கத்தில் ஒத்துப்போன ஒயின் முடிவில் காணாமல் போகலாம். இதைக் கவனித்து எழுதிய கையேடு அபூர்வம். நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுதப்படும் மதிப்புரையைப் போலத்தான் மற்றவை.

இந்த எழுத்து வகை சொல்லாமல் விடும் இரண்டு விஷயங்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

முதலாவது உடல். சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆகவே ஆபத்து குறைவு என்ற தொனி பல கட்டுரைகளில் ஓடுகிறது. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது என்பதால் வாயின் தோல் வழியாகவே நிகோடின் ஏறும். வெறும் வயிற்றில் முதன்முதலாகப் பிடிக்கிறவருக்குத் தலை சுற்றும், வியர்க்கும், குமட்டும். அது சின்ன விஷயம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையும் மதுவும் தனித்தனியே காரணங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பலமடங்கு. அதாவது இந்த இணை மிக நன்றாகப் 'பொருந்தும்' இடம் அதுதான். ஐம்பது வாசங்களுக்குப் பெயர் தெரிந்த ஒரு மொழி இதை ஒரு வரியில்கூடச் சொல்லாதபோது, அதன் நுட்பத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

இரண்டாவது கை. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்கள் இலை சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் சத்தமாக வாசிப்பார். அவருக்குக் கூலி, தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. எதை வாசிப்பது என்பதிலும் அவர்கள் குரல் இருந்தது. 'மான்டிகிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயர் அவர்கள் விரும்பிக் கேட்ட அலெக்சாந்தர் டூமாவின் நாவலிலிருந்து வந்ததாகவே சொல்வார்கள். கையேடுகளுக்கு அந்தப் பெயர் வெறும் முத்திரை. கேட்டு, பிடித்து, தேர்ந்தெடுத்த மனிதர்கள் அதில் இல்லை.

நமக்கு இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல் நம் 'சுருட்டு'விலிருந்து போனது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முனீஸ்வரருக்கும் மதுரைவீரனுக்கும் வைக்கும் படையலில் மதுவும் சுருட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். அங்கே யாரும் இந்த பாட்டிலுக்கு இந்தச் சுருட்டு பொருந்துமா என்று கேட்பதில்லை. சாமிக்குப் பிடிக்கும், அதனால் வைக்கிறார்கள். பெறுகிறவர் யார் என்பதிலிருந்து அந்த இணை தொடங்குகிறது. ஒயின் கையேடுகள் தொலைத்தது அந்த மூன்றாம் ஆளைத்தான்: பாட்டிலுக்கும் சுருட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும், தனக்கென்று ஒரு நாக்கும் ஒரு தொண்டையும் உள்ள மனிதரை.

ஆகவே ஒரு நல்ல தொடக்கக் கையேடு ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. ஒரே மென்மையான சுருட்டு, துவர்ப்பான ஒரு ஒயின், இனிப்பான ஒரு ஒயின். வயிற்றில் சோறு இருக்கட்டும். இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்து, எது எதை என்ன செய்தது என்று உங்கள் வீட்டுச் சொற்களில் எழுதுங்கள். சுருட்டு பாதியைத் தாண்டியதும் திரும்பவும் எழுதுங்கள். இந்தப் பழக்கம் உடலிடம் என்ன விலை கேட்கும் என்பதை முதல் வரியில் போடுங்கள், அடிக்குறிப்பில் அல்ல. தொடவே வேண்டாம் என்று முடிவெடுப்பவருக்கும் அந்தப் பக்கம் பயன்படும். இரண்டு பொருள்களைப் பக்கத்தில் வைத்து, கடன் வாங்காத சொற்களில் வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தவர் ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றியும் அப்படி எழுதிவிடுவார்.