30 அங்குலத் திரை

வடிவமைப்பாளருக்குத் திரைதான் வேலைமேசை. அது பெரிதாக இருப்பதே ஒரு சுகம். 2004-இல் ஆப்பிள் கொண்டுவந்த 30 அங்குல சினிமா டிஸ்ப்ளே செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் நான் விடமாட்டேன். அகலம் 64 செ.மீ., உயரம் 40 செ.மீ. ஏ3 தாளை அச்சில் வரும் அதே அளவில் முழுதாக விரிக்கலாம். லேயர், வண்ணப் பட்டைகளுக்கும் பக்கத்தில் இடம் மிஞ்சும். எழுத்துகளுக்கு நடுவே விட்ட இடைவெளி சரியா என்று ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பழைய திரைக்குக் கொஞ்சம் பக்குவம் வேண்டும். முழுத் தெளிவு கிடைக்க டூயல் லிங்க் டிவிஐ இணைப்பு அவசியம். பின்னொளி குழல்விளக்கு என்பதால் வயதாக ஆக மங்கி, மஞ்சள் தட்டும். அரை மணி நேரம் எரியவிட்டு, கேலிபரேட்டரால் வண்ணத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஐபிஎஸ் பேனல் ஆயிற்றே. பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கும் சிவப்பு சிவப்பாகவே தெரியும்.