ஒரு நொடி கோலும் நெடுநேர ஏற்றமும்

2023 ஆகஸ்ட் 11, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம். ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி அரையிறுதியில் இந்தியா 5-0 என ஜப்பானைச் சாய்த்தது. 51-வது நிமிடத்தில் ஐந்தாவது கோலைப் போட்டவர் செல்வம் கார்த்தி, அரியலூர்க்காரர். அந்த அணியில் இருந்த ஒரே தமிழக வீரர். வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் பக்கம் மட்டை பிடிக்கும் பையன்களுக்குச் சொந்த மாவட்டத்துக்காரர் ஒருவரை இந்தியச் சட்டையில் பார்க்கக் கிடைத்த வாரம் அது. அவர் பெயர் இணையத்தில் ஓடியது. போட்டி முடிந்ததும் ஓட்டமும் நின்றது.

திறமைக் குறைவு என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்று வந்த கார்த்தி, 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் தன் அறிமுக ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். கிரிக்கெட்டில் இப்படி ஒரு தொடக்கம் என்றால் அதற்குள் ரசிகர் மன்றம் வைத்திருப்பார்கள்!

கேமரா தரும் நேரம்தான் வித்தியாசம். ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்பெயின் சைக்கிள் வீரர் ஆல்பர்ட்டோ கொண்டடோரை எடுத்துக்கொள்வோம். 2017 செப்டம்பர் 9, ஸ்பெயினின் வுவெல்டா சைக்கிள் பந்தயத்தின் கடைசிக்கு முந்தைய நாள். ஆங்லிரு மலை ஏற்றம் 12 கிலோமீட்டருக்கு மேல். சில இடங்களில் சரிவு 23 சதவீதத்தைத் தாண்டும். ஓய்வை முன்பே அறிவித்துவிட்ட மனிதர், இருக்கையை விட்டு எழுந்து, ஹேண்டில்பாரை இடதும் வலதுமாக ஆட்டி மிதித்துக்கொண்டே போகிறார். கேமரா மோட்டார் சைக்கிள் கூடவே வருகிறது. வியர்வை, பல்லைக் கடிப்பது, பின்னால் துரத்தும் போட்டியாளர் ஃப்ரூமுக்கும் இவருக்கும் உள்ள இடைவெளி என எல்லாம் திரையில் நிமிடக்கணக்கில் ஓடுகிறது. 17 விநாடி முன்னிலையில் வென்றார். அவருடைய வெற்றி அடையாளம் விரல்களால் துப்பாக்கி சுடும் சைகை. ரீல்ஸுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி! தடைசெய்யப்பட்ட மருந்து விவகாரத்தில் 2010 டூர் டி பிரான்ஸ் பட்டத்தைப் பறிகொடுத்தவர் என்பதும் அந்த மவுசைப் பெரிதாகக் குறைக்கவில்லை. அதே நாட்டின் இந்துரைன் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை டூர் பட்டம் வென்றார். அதிகம் பேசாத மனிதர். அப்போது ரீல்ஸும் இல்லை.

ஹாக்கி முன்கள வீரருக்குக் கேமரா அவ்வளவு நேரம் தராது. கோல் கம்பத்திலிருந்து 14.63 மீட்டர் ஆரத்தில் வரைந்த ‘டி’ வட்டத்துக்குள் பந்தைத் தொட்டால்தான் கோல். தடுப்பாட்டக்காரரின் தோளுக்குப் பின்னால் பதுங்கி, பந்து வரும் பாதையை முன்கூட்டியே கணித்து, மட்டையை நீட்டித் திசை திருப்ப வேண்டும். தொடுகை ஒரு நொடிகூட நீடிக்காது. கைபேசித் திரையில் பந்தே தெரிவதில்லை, பிறகு பதுங்கியது எங்கே தெரியப்போகிறது? ஒளிபரப்பாளர்கள் பந்தில்லாத ஓட்டத்தை மறுஒளிபரப்பில் காட்டினாலாவது பாதிக் குறை தீரும். அதற்குக்கூட இங்கே மெனக்கெடுவோர் குறைவு.

புகழ் ஒரு பக்கம் இருக்கட்டும், தேர்வுக்குழு கைதட்டலைக் கணக்கில் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. சென்னையில் இறுதியாட்டத்தில் மலேசியாவிடம் 1-3 எனப் பின்தங்கி, 4-3 என வென்று இந்தியா கோப்பையைத் தூக்கிய பிறகு ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கான அணி அறிவிக்கப்பட்டது. கார்த்தி பெயர் பட்டியலில் இல்லை. அந்த அணி தங்கம் வென்று பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்றது.