தலைப்புக் காட்சியும் அறிவிப்பாளர் வரிசையும்

ஹதீஸ் கற்போர் முதலில் ‘ஸனத்’ எனும் அறிவிப்பாளர் வரிசையைக் காண்பர். ‘மத்ன்’ எனும் மூலச்செய்தி பின்னரே வரும். திரைப்படத்தின் தலைப்புக் காட்சியும் ஒருவகை ஸனதே என்பது நம் கருத்து. இஃது எவர் ஆக்கம் என்று அறிவிப்பதோடு, வரப்போவது இன்னதென்றும் அது குறிப்பால் உணர்த்த வேண்டும்.

1976இல் வெளிவந்த முஸ்தபா அக்காதின் ‘தி மெஸேஜ்’ படத் தொடக்கம் இதற்கு நல்ல சான்று. பாலைவெளியில் குதிரைவீரர் மூவர் மடல் ஏந்தி ஆட்சியாளர்களை நாடி விரைகின்றனர். அண்ணலாரின் திருவுருவைக் காட்டாமலே அவர்தம் தூதின் வீச்சை அக்காட்சி உணர்த்திவிடுகிறது.

ஆம்பூர் மாணவர் சிலர் தோல் பதனிடுதல் பற்றி எடுத்த குறும்படத்தின் தலைப்புக் காட்சியை அண்மையில் கண்டோம். உப்பிட்ட பச்சைத்தோல், சுண்ணாம்புத் தொட்டி, சுழலும் டிரம், மினுங்கும் காலணி என வரிசை செம்மையாகவே திட்டமிடப்பட்டிருந்தது. ஆயின் சுண்ணாம்பின் வெண்மைமீது வெள்ளெழுத்துகள். அவையும் படித்து முடிக்குமுன் மறைந்தன. ஒரு பெயரை இருமுறை படிக்கும் நேரமேனும் அது திரையில் நிற்க வேண்டாமா?

இஃது எளிதில் திருந்தும் பிழை. பெரும்பிழை வேறு. படமெடுத்தோர் பெயரெல்லாம் வந்தன. திரையை நிறைத்த கைகளுக்குரிய தொழிலாளர் பெயர் ஒன்றேனும் வரவில்லை. கண்டும் கேட்டும் உரைத்த தோழரின் பெயர் விடுபட்ட அறிவிப்பை ஹதீஸ் கலை ‘முர்ஸல்’ என்று தனியே பிரித்து வைக்கும்.

மாணவச் செல்வங்களே, அத்தொழிலாளரிடம் கேளுங்கள். இசைவோர் பெயரை முதலில் பொறியுங்கள். உங்கள் ஸனத் அப்போதுதான் முழுமை பெறும்.