விளக்குக்கு அப்பால்

புளோரன்ஸ் நைற்றிங்கேலை விளக்கேந்திய மங்கையாக நிலைபெறச் செய்ததில் 1857இல் வெளிவந்த லோங்பெலோவின் கவிதைக்குப் பெரும் பங்குண்டு. அதே ஆண்டில், பிரித்தானியப் படையினரின் சுகாதாரத்தை ஆராய நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழுவுக்கு அவர் தரவுகளைத் திரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குழுவில் அவருக்கு ஆசனமில்லை (பெண்ணல்லவா!); சாட்சியத்தையும் எழுத்திலேயே அளித்தார். கிரிமியப் போரில் மாண்ட வீரருட் பெரும்பாலோரைக் கொன்றது காயமன்று, தடுக்கத்தக்க நோயே என்பதை 1858இல் வட்ட வரைபடமாக அச்சிட்டு ஆட்சியாளர்முன் வைத்தார். நோயாளியின் அருகில் நிற்கும் தாதியையே கவிதை கண்டது; வடிகாலையும் காற்றோட்டத்தையும் சீர்செய்யுமாறு அரசை நெருக்கிய தாதியை அது காணவில்லை. கருணையைப் புகழ்வதால் ஆள்வோருக்குச் செலவெதுவுமில்லை. அப்புகழ் நீடித்தமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம். தாதியரைப் போற்றும் நம் கவிதைகளும் இன்னும் அவ்விளக்கையே சுற்றுகின்றன. கொள்கை வகுக்கும் மேசையில் தாதிக்கு இடமுண்டா எனக் கேட்கும் கவிதையொன்றை நான் இதுவரை வாசித்ததில்லை.