தேன்பெட்டிக்கு மேலடுக்கு: மரபுகளும் அளவுகோல்களும்

கூடு நிறைந்துவிட்டது. புதுப் பெட்டியை மேலே வைப்பதா, நடுவில் செருகுவதா, அடியில் கொடுப்பதா? தேனீ வளர்ப்போர் பல தலைமுறையாக வாதாடும் கேள்வி இது. தேனீக்கு இதில் குழப்பமே இல்லை. மரப்பொந்தில் அது தானாகக் கட்டும் அடையைப் பாருங்கள்: உச்சியில் தேன், அதன் கீழ் மகரந்தம், அதற்கும் கீழே முட்டையும் புழுவும். எல்லா மரபுகளும் இந்த ஒழுங்கை ஒட்டியே வளர்ந்தன. கூட்டை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதில்தான் பிரிந்தன.

கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட இன்றைய பெட்டிக்கு வழி திறந்தவர் அமெரிக்கப் போதகர் லாங்ஸ்ட்ராத். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 9 மில்லிமீட்டர் இடம் விட்டால் தேனீ அதை அடைப்பதில்லை என்று 1851-இல் கண்டுகொண்டார். மறு ஆண்டே காப்புரிமை பெற்றார். அவர் வழிவந்தவர்களில் ஒரு சாரார் வெற்றுத் தேன் அறையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தனர். மறு சாரார் அதைப் புழு அறையை ஒட்டிச் செருகி, நிறைந்த அறையை மேலே தள்ளினர். 2000-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் பெர்ரியும் கீத் டெலாப்ளேனும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். தேன் விளைச்சலில் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. அப்படியானால் நிறைந்த பெட்டியைத் தூக்கி இறக்கி, கூட்டைக் கலைப்பானேன்? மேலே வைப்பதே என் தேர்வு.

அடியில் கொடுப்போரும் உண்டு. பிரான்சின் வாரே பாதிரியாரும், ஜப்பானியத் தேனீயை அடுக்குப் பெட்டியில் வளர்ப்போரும் அந்த வழியினர். தேனீ கீழிறங்கி அடை கட்ட, மேற்பெட்டி தேனால் நிறையும், அதை அறுத்தெடுப்பார்கள். உச்சியில் வெற்றிடம் இல்லாததால் கூட்டின் சூடு வெளியேறாது. குளிர்நாட்டுக்கு அது பெரிய நன்மை. நாம் வாழும் மலேசியக் கிள்ளானில் அதற்குத் தேவை இல்லை.

நமக்கு நெருங்கிய மரபு தமிழ்நாட்டுடையது. நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்புக் கற்றுத் தந்தார். நம் அடுக்குத்தேனீ உருவில் சிறியது, கூட்டமும் சிறியது. அதற்கேற்ப லாங்ஸ்ட்ராத் பெட்டியைச் சுருக்கிச் செய்தார். கீழே புழு அறை, மேலே உயரம் குறைந்த தேன் அறை. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையம் இந்தத் தொழிலைக் குமரி வீடுகளுக்குள் கொண்டுசென்றது. அங்கே தேன் கொட்டுவது பெரும்பாலும் ரப்பர் மரத்தில்தான். பூவில் அல்ல, இலை உதிர்ந்து துளிர்க்கும்போது இலைக்காம்பின் சுரப்பிகளில். இங்குள்ள ரப்பர்த் தோட்டங்களில் பால்மரத்தடியிலேயே வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமாரின் நினைவோடு சேர்த்து வைக்க வேண்டிய செய்தி இது.

அடுக்குத்தேனீயை அடிக்கடி குடைந்தால் பெட்டியை விட்டே ஓடிவிடும். ஆகவே இங்கே அளவுகோல் இரண்டு: புழு அறையின் எல்லாச் சட்டங்களையும் தேனீ மூடியிருக்க வேண்டும், தேன்வரத்து தொடங்கியிருக்க வேண்டும். அதற்குமுன் ஏற்றிய வெற்றுப் பெட்டியில் மெழுகுப்பூச்சிதான் குடியேறும். நான் முதல் கூட்டை இழந்தது அப்படித்தான்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டு வளவுகளுக்கு ஏற்றது கெலுலுட் என்னும் கொசுத்தேனீ. அது கொட்டாது. அதற்குச் சட்டமும் கிடையாது. மெழுகும் பிசினும் குழைத்துச் சிறு குடங்கள் கட்டித் தேன் சேர்க்கும். குடும்பம் மரக்கட்டைக்குள் இருக்கும். கட்டையின் தலையில் துளையிட்ட பலகைப்பெட்டியைப் பொருத்துவதை இங்குள்ளோர் 'டாப்பிங்' என்கிறார்கள். மூடிக்கு அடியில் கண்ணாடித்தாள் விரித்தால், குடம் உடையாமல் உள்ளே பார்க்கலாம். மேலே வைப்பது இங்கே கட்டாயம், காரணமும் அழுத்தமானது: இத்தேனீ ஒவ்வொரு சிற்றறையிலும் நீர்த்த உணவை நிரப்பி, அதன்மேல் முட்டையை மிதக்கவிட்டு மூடிவிடும். அடியிலோ நடுவிலோ செருகப்போய்க் கூட்டைக் கவிழ்த்தால் குஞ்சு அந்த உணவிலேயே மூழ்கிச் சாகும். எந்தப் பெட்டியை ஏற்றினாலும் புழுவடை சாயாதிருப்பதே முதல் அளவுகோல்.

தேனின் தரத்துக்கும் நாடு எழுதிய அளவுகோல் உண்டு. மலேசியத் தரநிலை எம்.எஸ். 2683:2017 கெலுலுட் தேனில் 35 விழுக்காடு வரை ஈரப்பதத்தை ஏற்கிறது. சாதாரணத் தேனுக்கு உலகத் தரம் 20தான். புளிப்பும் நீர்த்தன்மையும் இத்தேனின் இயல்பு, கலப்படமல்ல. ஆனால் ஈரம் மிகுந்த தேன் எளிதில் நுரைத்துப் பொங்கும். மூடாத குடத்திலிருந்து உறிஞ்ச வேண்டாம்.

பெட்டிக்கு அடியில் இருக்கும் கட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல கட்டைகள் காட்டில் நின்ற மரத்தை வெட்டிக் கொண்டுவந்தவை. பலகைப்பெட்டியில் பிரித்து வளர்த்த கூட்டமும் கிடைக்கிறது. வாங்கப் போகும் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் அன்பர்களே, கூட்டம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பிரித்து வளர்த்ததையே வாங்குங்கள்.