உண்ணிக் குழல்: எலிக்கூட்டை நாடும் மருந்துப் பஞ்சு

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வசந்தம் தொடங்கும்போது தோட்டப் பொருள் கடைகளில் விற்பனைக்கு வரும் உண்ணிக் குழல், கைக்கு அடக்கமான ஓர் அட்டைக்குழலும் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியில் நனைத்து உலர்த்திய பஞ்சும் மட்டுமே சேர்ந்த மிக எளிய பொருளாகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் ஆண்ட்ரூ ஸ்பீல்மன் குழுவினர் 1980-களில் வகுத்த இந்த உத்தி, டாமினிக்ஸ் என்ற பெயரிலும் பின்னர் வேறு சில பெயர்களிலும் சந்தைக்கு வந்தது. தோட்டம் முழுவதும் மருந்து தெளிப்பதற்கு மாற்றாக எலிகளையே மருந்து சுமக்க வைப்பது என்ற இதன் அடிப்படை எண்ணம் புத்திசாலித்தனமானது. அது வீட்டாரை உண்ணி பரப்பும் லைம் நோயிலிருந்து காக்கிறதா என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.

கனெக்டிகட் மாநிலத்தின் லைம், ஓல்டு லைம் ஆகிய ஊர்களில் 1970-களின் நடுப்பகுதியில் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீக்கம் கண்டதால் லைம் நோய் அப்பெயர் பெற்றது. அதற்குக் காரணமான பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்னும் சுருள் வடிவ பாக்டீரியாவை உண்ணியின் குடலில் கண்டறிந்தவர் வில்லி பர்க்டோர்ஃபர். அந்த ஆய்வு 1982-இல் வெளியாயிற்று. முட்டையிலிருந்து வெளிவரும் கருங்கால் உண்ணியின் ஆறுகால் குஞ்சிடம் இந்தக் கிருமி இருப்பதில்லை. கோடையின் பிற்பகுதியில் அது வெண்கால் எலியின் மீது ஏறி முதல் இரத்தம் குடிக்கும்போதுதான் கிருமியைப் பெறுகிறது. அடுத்த ஆண்டு மே முதல் ஜூலை வரை எட்டுக்கால் இளம் உண்ணியாக மனிதரைக் கடித்து, அந்தக் கிருமியைக் கடத்துகிறது. இந்த இளம் உண்ணி கசகசா விதையின் அளவே இருக்கும். ஊரில் மாட்டின் காதிலிருந்து பருத்த உண்ணியைப் பிடுங்கிப் பழகி, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் குடியேறியிருக்கும் தமிழர்களின் கண்ணுக்கு இது உண்ணியாகவே தோன்றாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

குழலைப் பயன்படுத்தும் முறை கடினமானதன்று. கையுறை அணிந்து, புல்வெளியின் நடுவைத் தவிர்த்து, எலிகள் நடமாடும் கல்மதிலின் இடுக்கு, விறகுக் குவியல், புதரடி, கொட்டகை ஓரம் ஆகிய இடங்களில் சுமார் 9 மீட்டருக்கு ஒன்றாக அவற்றை வைக்க வேண்டும். எலி பஞ்சைப் பிய்த்துச் சென்று கூட்டில் மெத்தையாக்கிக்கொள்ள, மருந்து அதன் மயிரில் படிந்து, எலிக்குக் கேடில்லாமல் அதன் மேலுள்ள உண்ணிகளைக் கொல்கிறது. ஆண்டுக்கு இருமுறை, அதாவது வசந்தத்தில் இளம் உண்ணிகளுக்காகவும் கோடையின் பிற்பகுதியில் குஞ்சுகளுக்காகவும் வைக்க வேண்டும் என்பதால், ஒரே ஒரு முறை வாங்கி வைத்துவிட்டு அந்தப் பருவத்திலேயே பலனை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். ஆகஸ்டில் வைத்த குழலின் பலன் மறு ஆண்டு மே மாதத்தில்தான் தெரியும். பெர்மெத்ரின் மீன்களுக்கும் தேனீக்களுக்கும் கொடிய நஞ்சு, பூனைகளுக்கும் ஆகாது. பஞ்சுக்குள் அடங்கியிருப்பதால் தெளிப்பு மருந்தைவிட ஆபத்து குறைவு என்றாலும், குளத்தோரத்திலும் சிறுவர் விளையாடும் இடத்திலும் குழலை வைக்கலாகாது.

குழல் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில வாரங்கள் கழித்து அதை எடுத்து உள்ளே நோக்கினால் போதும் என்று பலர் கருதுகின்றனர். பஞ்சு தொடப்படாமல் இருந்தால் எலி வரவில்லை என்பது தெளிவு. ஆனால் குழல் காலியாக இருப்பது பஞ்சு போனதைக் காட்டுமேயன்றி உண்ணி குறைந்ததைக் காட்டாது. ஆய்வாளர்கள் செய்வதுபோல, ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுர வெள்ளை ஃபிளானல் துணியை ஒரு கழியில் கட்டிப் புதர் விளிம்பில் மெல்ல இழுத்துச் சென்று, இடையிடையே திருப்பிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. துணியின் வெண்மையில் மிளகுத்தூள் சிதறியதுபோல் தெரிவது நகரத் தொடங்கினால், குழல் இருந்தும் உண்ணி இருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனையில்தான் குழலின் பலவீனம் வெளிப்படுகிறது. மாசசூசெட்ஸில் நடந்த தொடக்க ஆய்வுகள் எலிகள் மேல் உண்ணி வெகுவாகக் குறைந்ததைக் காட்டின. பின்னர் கனெக்டிகட்டிலும் நியூயார்க்கிலும் நடந்தவற்றில், மனிதரை நாடிப் புல்லில் காத்திருக்கும் இளம் உண்ணிகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. குஞ்சு உண்ணிகள் எலியை மட்டும் நம்பி வாழ்வதில்லை என்பது இதற்கு ஒரு விளக்கமாகும். கோடிட்ட அணில், மூஞ்சூறு, தரையில் மேயும் பறவைகள் ஆகியவற்றின் மேலும் அவை ஏறுகின்றன, அவற்றுக்குப் பஞ்சு எட்டுவதில்லை. மேலும், எலிக்கு வேலி தெரியாது. பக்கத்து வீட்டார் குழல் வைக்காவிட்டால் அங்கிருந்து வரும் எலி தன் உண்ணிகளோடுதான் வரும்.

நோயிலிருந்து காக்கிறதா என்ற கேள்வி, குழலைவிட விலையுயர்ந்த இரைப்பெட்டிக்கும் பொருந்தும். இரை தேடி நுழையும் எலியின் முதுகில் ஃபிப்ரோனில் மருந்தைத் தடவும் இப்பெட்டியையும், உண்ணியைக் கொல்லும் பூஞ்சைத் தெளிப்பையும் நியூயார்க்கின் டச்சஸ் மாவட்டத்தில் 24 குடியிருப்புப் பகுதிகளில் நான்கு ஆண்டுகள் சோதித்தனர். 2022-இல் வெளியான அதன் முடிவின்படி, தோட்டங்களில் உண்ணி குறைந்தது. மனிதருக்கு நோய் வருவது குறைந்ததாகத் தெரியவில்லை. இந்தத் துறையில் விளம்பரம் எழுதுபவர்கள் முதல் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர்.

குழல் ஆய்வில் ஸ்பீல்மனோடு பணியாற்றிய தாமஸ் மேதரே பின்னாளில் ரோட் ஐலண்டு பல்கலைக்கழகத்தில் காலணிக்கும் காலுறைக்கும் வந்து சேர்ந்தார். அவரது குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பெர்மெத்ரின் ஏற்றிய காலணியும் காலுறையும் அணிந்தவர்களை உண்ணி கடிக்கும் வாய்ப்பு, அவ்வாறு அணியாதவர்களைவிட 73.6 மடங்கு குறைவாக இருந்தது. இதற்கு விற்கப்படும் 0.5 விழுக்காடு கரைசலைத் துணியில் மட்டுமே, வீட்டுக்கு வெளியே தெளித்து, நன்கு உலர்ந்த பின்னரே அணிய வேண்டும். தோலில் பூசக் கூடாது. தோட்ட வேலை முடிந்ததும் உடையை டிரையரில் மிகுந்த சூட்டில் 10 நிமிடம் சுழலவிட்டால், ஒட்டி வந்த உண்ணி காய்ந்து சாகும்.

கடித்த உண்ணியை எடுக்க விற்கப்படும் கொக்கிகளும் பிளவுள்ள அட்டைகளும் பருத்த உண்ணிக்கு ஏற்றவை. கசகசா அளவுள்ளதைப் பிடிக்கக் கூர்முனைச் சாமணமே சிறந்தது. தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பற்றி, திருகாமல் நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும் சுடுவதும் தவறு. கிருமி உடலில் ஏறப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், அன்றாடம் குளிக்கும்போது முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் தலைமயிரையும் தடவிப் பார்ப்பதற்கு நிகரான கருவி கடையில் இல்லை.

எனவே முதற்பணம் சாமணத்துக்கும் காலுறை மருந்துக்கும் செல்லட்டும். புல்வெளிக்கும் காட்டுக்கும் இடையே மூன்று அடி அகலத்துக்கு மரச்சில்லு பரப்புவது அடுத்தது. கல்மதிலும் எலியும் மிகுந்த தோட்டத்தில், அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து வைப்பதாயின், அதன் பின் உண்ணிக் குழலை வாங்கலாம். தனி வீட்டார் அதை மட்டும் நம்பி வாங்குவது பரிந்துரைக்கத்தக்கதன்று. எந்தக் கருவி வாங்கினாலும், கடித்த 3 முதல் 30 நாள்களுக்குள் தோலில் பரவும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ கண்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே டாக்சிசைக்ளின் போன்ற மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர்.